மேசைக்கு அடியில் நாலு எந்திரம்

என் முதலாளிக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேக்கையும் வேம்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இரண்டையும் தூக்கிப் பார்த்து, எது கனமோ அதுதான் உசத்தி என்பார். திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி வாங்கி ஏரல் கடைத்தெருவில் விற்றுவந்த மனிதர். அந்தத் தொழிலை ஒழுங்காகவே செய்தார். அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பாளையங்கோட்டையில் அப்போது ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். சாயங்காலங்களில் பங்களாவின் பின்கட்டில் தச்சு வேலை பழகுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அதற்கென்று சீமையிலிருந்து மேசைமேல் வைக்கிற அளவில் நாலு சின்ன எந்திரங்களை வரவழைத்து வைத்திருந்தார். பல வருஷம் பாடுபட்டு அவற்றில் ஒரு புகையிலைப் பெட்டியும் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளும் செய்தார் என்று சொன்னார்கள். அவர் சீமைக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். வேறு ஏதோ காரியமாக அங்கே போயிருந்த என் முதலாளி, கூட்டத்தைப் பார்த்து உள்ளே நுழைந்து, நாலு எந்திரத்தையும் எடுத்துவிட்டார். அவை எதற்கு என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் தச்சு எந்திரமா என்று கேட்டிருக்கிறார்கள். ஏரல் வந்து சேர்வதற்குள் தச்சுக் கடை வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். முதலில் எந்திரம், அப்புறம் கடை, கடைசியாகத்தான் தச்சன்.

அந்தத் தச்சன் நான். பாளையங்கோட்டை மிஷன் தொழிற்பள்ளியில் வேலை கற்றவன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. அங்கேயே வேலைக்கு அமர்ந்து, மேலாளோடு மல்லுக்கு நின்று வெளியே வந்தவன் என்பதால் பாளையங்கோட்டையில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. மனைவியின் ஊர் ஏரல். மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். முப்பது வயதில் அந்தச் சோறு தொண்டையில் இறங்காது. கருப்பட்டிக்காரர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன்.

கடை என்பது அவர் சரக்கு அடைத்து வைத்திருந்த பழைய கருப்பட்டிக் கிட்டங்கி. அகலம் எட்டடி, நீளம் பதினைந்தடி. தெருப் பக்கம் ஒரு வாசல், பின்னால் வாழைத் தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னல். தரையில் வருஷக்கணக்காகக் கருப்பட்டி ஒழுகி ஊறியிருந்ததால் நான் வேலை செய்த காலம் முழுவதும் எறும்பு போகவில்லை. நடுவில் ஒரு நல்ல வேலை மேசை போட்டிருந்தார். அந்த மேசைமேல் நாலு எந்திரத்தையும் வரிசையாக நிறுத்தி, ஆணியும் திருகும் போட்டு இறுக்கியிருந்தார். மரம் கடைவதற்கு ஒன்று, துளை போட ஒன்று, வளைவு நெளிவாக அறுக்கிற சின்ன வாள் ஒன்று, உளி தீட்டும் சாணை ஒன்று. துளை போடுவதைக் கையால் சுற்ற வேண்டும். மற்ற மூன்றையும் மேசைக்கு அடியில் இருந்த ஒரே சக்கரத்தைக் காலால் மிதித்துத் தோல்வார் போட்டு ஓட்ட வேண்டும். ஆனால் சக்கரம் ஒரு மூலையில் இருந்தது, எந்திரங்கள் மேசை முழுக்க இருந்தன. வார் எட்டியது ஒன்றுக்கு மட்டும்.

மேசையில் ஒரு பலகையை வைத்து இழைக்க இடம் கிடையாது. இரண்டடி வெறும் மேசைகூட மிச்சம் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு இழைத்தேன். ஆறடிப் பலகை என்றால் ஒரு முனை வாசலுக்கு வெளியே தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். சந்தைக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள், சிலர் மிதித்துப் போவார்கள். ஆடுகள் அதில் உடம்பைத் தேய்த்தன. மேலே, நாலு எந்திரங்களும் பெண் பார்க்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒன்றும் செய்யாமல் இருந்தன.

முதலாளி தினமும் காலையில் வந்து அவற்றைத் துடைப்பார். துடைத்துவிட்டு நல்லெண்ணெய் போடுவார். நல்லெண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து பசையாகி, கடைசல் எந்திரம் சுற்றவே திணறியது. அதற்கு விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ ஆகாது, எந்திர எண்ணெய் தூத்துக்குடியில் கிடைக்கும் என்று சொன்னேன். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைவிட ஒசந்த எண்ணெய் எது இருக்கு என்று கேட்டார். அறிந்தவர்கள் தெரிந்தவர்கள் வந்தால் சாணைச் சக்கரத்தை வெறுமனே சுற்றிக் காட்டுவார். அவர்களும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதில் ஒரு அரிவாள்மணைகூடத் தீட்டப்படவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டேன். எல்லாவற்றையும் மேசையிலிருந்து இறக்கி வைப்போம், வேண்டும்போது வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"ஏலே, எறக்கி வைக்கதுக்கா பாளையங்கோட்டைல இருந்து வண்டி கட்டிக் கொண்டாந்தேன்?" என்றார். "தெருவுல போறவன் கண்ணுல படணும். கண்ணுல பட்டாத்தான் உள்ள வருவான்."

ஆட்கள் உள்ளே வரத்தான் செய்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டில் கால் வேண்டுமென்றவன் எதிர்த் தெருவில் இருந்த பழைய ஆசாரியிடம் போனான்.

இந்த நிலையில்தான் உவரியிலிருந்து ஒருவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். தோணி கட்டுகிற தச்சர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மனைவி இறந்த பிறகு கடற்கரையில் இருக்கப் பிடிக்காமல் உள்நாட்டுக்கு வந்ததாகச் சொன்னார். முதலில் எனக்கு அவர்மேல் மதிப்பு இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் அளவுகோலைத் தொடாமல் விரலாலும் சாணாலும் அளந்தார். தொழிற்பள்ளியில் அப்படி அளந்தால் கையில் அடி விழும். ஒரு வாரம் போனது. அவர் சாணால் அளந்து அறுத்த சட்டமும் நான் அடிக்கோலால் அளந்து அறுத்த சட்டமும் ஒன்றோடொன்று இழை பிசகாமல் உட்கார்ந்தன. அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு பத்து வேண்டும் என்று வந்தது. எல்லாம் ஆறடி நீளம். தரையில் இருவர் உட்கார்ந்து இரண்டு ஆறடிப் பலகைகளை இழைக்க அந்தக் கடையில் வழியே இல்லை. உவரிக்காரர் மேசையையும் எந்திரங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தோணில இம்புட்டு எடத்த வீணாக்குனா, ஆளத் தூக்கிக் கடல்ல போட்டுருவாவ தம்பி" என்றார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஒவ்வொரு எந்திரத்தையும் தனித்தனியாக ஒரு கனத்த பலகையில் இறுக்குவது. நாலு பலகைக்கும் அடியில் ஒரே இடைவெளியில் இரண்டு முளைகள். மேசையில், சக்கரத்துக்கு நேர் மேலே, அந்த முளைகள் இறங்குகிற மாதிரி இரண்டே துளைகள். எந்த எந்திரம் வேண்டுமோ அதைத் தூக்கி அந்தத் துளைகளில் உட்கார வைத்து, அடியில் ஆப்பு அடித்தால் அசையாது, வாரும் எட்டும். வேலை முடிந்ததும் கழற்றி, மேசைக்கு அடியில் பலகைத் தட்டு அடித்து அதில் வைத்துவிட வேண்டியது. கனமான கடைசல் எந்திரமும் சாணையும் தரையை ஒட்டிய தட்டில், லேசான இரண்டும் அதற்கு மேல் தட்டில்.

"கனமானத இடுப்புக்கு மேல வைக்கக் கூடாது. கை நழுவுனா எங்கன விழும்னு மொதல்ல பாத்துக்கிடணும்" என்றார்.

முதலாளியிடம் கேட்டால் நடக்காது. அந்தச் சமயம் திசையன்விளையில் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஒரு வாரம் போய்விட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தோம். இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் கடைக்குள் நுழைந்தபோது மேசை முழுநீளத்துக்கும் வெறுமையாக இருந்தது. அப்படி ஒரு மேசையை நான் பள்ளியை விட்ட பிறகு பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பலகைகளை இழைத்தோம். துளை எந்திரம் மேலே ஏறியது, வேலை முடிந்ததும் இறங்கியது. சாணையைக் கழுவி, நல்லெண்ணெய்ப் பசையைச் சுரண்டிவிட்டு ஓட்டினோம். அந்த நாலு எந்திரங்களும் வேலை செய்தது எனக்குத் தெரிந்து அந்த வாரம்தான். பத்துப் பெஞ்சில் ஏழு முடிந்து எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டில் எந்திரங்களைப் பற்றி அளந்திருக்கிறார். அந்தப் பெரியவரும் பார்த்தே தீரவேண்டும் என்று வண்டியில் ஏறிவிட்டார். வாசலில் நின்று உள்ளே பார்த்த முதலாளியின் முகத்தில் ரத்தம் இல்லை. வெறும் மேசையில் பாதி செய்த பெஞ்சு ஒன்று கிடந்தது.

"எங்கனலே என் எந்திரம்?" என்றார். விற்றுவிட்டோம் என்றே நினைத்தார்.

உவரிக்காரர் குனிந்து சாணையை எடுத்து மேசையில் வைத்து ஆப்பு அடித்து, ஒரு மிதி மிதித்துக் காட்டினார். கழற்றினார். வாள் எந்திரத்தை வைத்தார். மிதித்தார். கழற்றினார். வந்த பெரியவர் கிட்டே வந்து குனிந்து தட்டைப் பார்த்தார். முளையைத் தொட்டுப் பார்த்தார். இது நல்ல யோசனையாக இருக்கிறதே, யார் சொன்னது என்று கேட்டார்.

என் முதலாளி ஒரு மூச்சுவிடும் நேரம்கூட யோசிக்கவில்லை.

"யாரு சொல்லுவா? நாந்தான் போவும்போது சொல்லிட்டுப் போனேன். பயலுவ அதே மாதிரி செஞ்சு வச்சிருக்கானுவ."

நான் உவரிக்காரரைப் பார்த்தேன். அவர் மேசைமேல் கிடந்த மரச்சீவலைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

இனிமேல் நல்ல காலம் என்று எண்ணினேன். முட்டாள்தனத்துக்கு ஒரு எல்லை உண்டு என்று நினைக்கிற வயது. மறுநாள் முதல், எந்திரங்களைக் காட்டுவதை விட்டுவிட்டு, எந்திரங்களை எடுத்து வைப்பதைக் காட்ட ஆரம்பித்தார் முதலாளி. ஜவுளிக்கடைக்காரர் வருவார், கணக்குப்பிள்ளை வருவார், வைத்தியர் வருவார். வந்தவுடன் எங்களுக்கு உத்தரவு. கடைசலை ஏற்று, இறக்கு. சாணையை ஏற்று, இறக்கு. நாங்கள் இழைத்துக்கொண்டிருக்கும் பலகையைத் தூக்கி மூலையில் சாத்திவிட்டு ஏற்றி இறக்குவோம். சில நாள் மத்தியானம் வரைக்கும் அதுவே வேலை. மேசை காலியாக இருந்தது உண்மை. அது வேலை செய்வதற்காகக் காலியாக இல்லை.

பிறகு தட்டுப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு உளிக்கும் சுவரில் ஒரு பொந்து. ஒவ்வொரு இழைப்புளிக்கும் ஒரு வீடு. மரச் சுத்தியலான கொட்டாப்புளிக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு மூடி. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய வேப்பம் பலகையில் மிஞ்சியது எல்லாம் தட்டாகிவிட்டது. கடைசி இரண்டு பெஞ்சுக்குப் பலகை இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கேட்டால், அவருக்கும் தட்டுகளைக் காட்டினார். அந்த மனிதரும் பெஞ்சை மறந்துவிட்டு, இதைத் தலைமை ஆசிரியர் பார்க்க வேண்டும், ஒழுங்கு என்றால் இதுதான் என்று சொல்லிப் போனார். பிள்ளைகள் இரண்டு வரிசை அப்போதும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேசைக்கு அடியில் இருப்பது தெருவிலிருந்து தெரியவில்லை என்பது முதலாளிக்குக் குறையாகவே இருந்தது. வாசலுக்கு நேரான சுவரில், தோள் உயரத்தில் ஒரு பெரிய தட்டு அடிக்கச் சொன்னார். நாலிலும் அழகானது கடைசல் எந்திரம், அதை அங்கே வைக்க வேண்டும். உவரிக்காரர் நேராகவே வேண்டாம் என்றார். ஆட்டுக்கல் கனம் இருக்கு, அதைத் தோள் உயரத்திலிருந்து இறக்குவது ஆபத்து என்றார்.

"வே, நீரு கடல்ல சொல்லுத பேச்ச இங்கன சொல்லாதயும். இது கடை" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பி, "நீ அடிலே" என்றார்.

நான் அடித்தேன். உவரிக்காரர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். முதலாளி ஒரு மூடர் என்று தினமும் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆனாலும் அடித்தேன். சும்மா அடிக்கவில்லை. முக்கோணத் தாங்கிகள் செதுக்கி, விளிம்பில் மணி உருட்டி, பள்ளியில் கற்றதையெல்லாம் காட்டி அடித்தேன். அந்தத் தட்டு கடைசிவரை முறியவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்ளும் அற்பத்தனம் என்னிடம் இருக்கிறது.

தலைமை ஆசிரியர் இரண்டு உபாத்திமார்களோடு பார்க்க வந்தார். கடைசல் எந்திரத்தை இறக்கிக் காட்டச் சொன்னார் முதலாளி. என் கை இரண்டிலும் வச்சிரப்பசை. நான் துடைத்துக்கொள்ளும்வரை பொறுக்க முடியாமல் முதலாளி தாமே ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் உவரிக்காரர். அன்று காலையில்தான் முதலாளி அதற்கு எண்ணெய் போட்டிருந்தார். பைய, பைய என்று உவரிக்காரர் சொல்வது கேட்டது. முதலாளியின் பிடி வழுக்கியது. வழுக்கியதும் அவர் பின்னால் குதித்துக்கொண்டார். உவரிக்காரர் விடவில்லை. விட்டிருந்தால் அவரும் தப்பியிருப்பார். எந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவருடைய வலது பாதத்தில் இறங்கியது.

உவரிக்காரர் அப்படியே உட்கார்ந்தார்.

முதலாளி குனிந்தார். காலைப் பார்க்கத்தான் குனிகிறார் என்று நினைத்தேன்.

"எந்திரத்துக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார்.

தலையில் விழாமல் போனது தேவ கிருபை என்று தலைமை ஆசிரியர் சொன்னார். உபாத்திமார் இருவரும் தலையை ஆட்டினார்கள். நானும் உபாத்திமாரில் ஒருவரும் எந்திரத்தைப் புரட்டி அவர் காலை விடுவித்தோம். பாதத்து எலும்பு நொறுங்கியிருந்தது. எலும்பு கட்டுகிறவரை அழைத்து வந்து கட்டினார்கள். மறுநாள் வண்டியில் வைக்கோல் பரப்பி அவரை உவரிக்கு அனுப்பினார்கள். முதலாளி வண்டியில் ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டி வைத்தார். அதோடு அவர் கணக்கில் காரியம் தீர்ந்தது. வண்டி நகரும்போது, இனிமே சூதானமா இருக்கணும் வே என்று புத்தி வேறு சொன்னார். எந்திரத்தைத் துடைத்து மறுபடியும் அதே தட்டில் வைக்கச் சொன்னார். வைத்தவன் நான்.

மூன்று மாதம் கழித்து உவரிக்குப் போனேன். கடற்கரையில் ஒரு தோணி நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் புகாதபடி பலகை இடுக்கில் கயிற்றுத் தும்பைத் திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் ஒரு கம்பு ஊன்றியிருந்தது. என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்திருந்தால் வந்த வேலை முடிந்தது என்று திரும்பியிருப்பேன்.

கால் எப்படி என்று கேட்டேன். மணலில் நடக்கலாம், கல்லில் நடக்க முடியவில்லை என்றார். அப்புறம் கேட்டார்.

"நீ இன்னும் அங்கனதான் இருக்கியா தம்பி?"

"ஆமாண்ணே."

"அந்தத் தட்ட எறக்கிட்டியளா?"

"எறக்கியாச்சு" என்றேன்.

இறக்கவில்லை. நான் புறப்பட்ட அன்று காலையிலும் கடைசல் எந்திரம் தோள் உயரத்தில்தான் இருந்தது. அவர் நல்லது என்று தலையாட்டிவிட்டு, மகளைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். சாளை மீன் குழம்பு. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கடையில் இருந்தேன். பள்ளிக்கூடத்து மிச்சப் பெஞ்சு இரண்டையும் என் வீட்டு வாசலில் வைத்துச் செய்து கொடுத்தேன். கடையில் வேலை வருவது நின்றது. பார்க்க வருகிறவர்களும் அலுத்துப்போய் வருவதை விட்டுவிட்டார்கள். பார்க்க ஆள் இல்லாமல் போனதும் முதலாளிக்கு எந்திரங்கள்மேல் இருந்த ஆசை ஒரே மாதத்தில் வடிந்துவிட்டது. எண்ணெய் போடுவதை நிறுத்தினார். துரு ஏறியது. தூத்துக்குடியில் ஒரு சோடா எந்திரத்தைக் கண்டுவிட்டு வந்தவர், நாலையும் திருநெல்வேலியில் யாரோ ஒருவருக்குத் தள்ளிவிட்டு அதை வாங்கி வந்தார். பித்தளைப் பளபளப்பும் சக்கரமும் உள்ள சாமான். சுற்றினால் சத்தம் போடும். அவருக்குப் பொருத்தமானது. கடைத்தெருவே மறுபடியும் வாசலில் வந்து நின்றது.

தச்சு வேலை இனி இல்லை என்று என்னிடம் சொல்ல அவருக்குச் சங்கடமாகக்கூட இல்லை. சோடா நிரப்ப ஆள் வேண்டும், நிக்கியா என்று மட்டும் கேட்டார். மிஷன் தொழிற்பள்ளியில் படித்தவனை, மேலாளோடு மல்லுக்கு நின்றவனை, சக்கரத்தைச் சுற்றிப் போத்தலில் காற்று அடைக்கச் சொன்னார். அவர் முகத்தில் துப்பிவிட்டு வெளியேறினேன் என்று எழுத ஆசைதான்.

நிரப்பினேன். பாளையங்கோட்டையில் மச்சினன் எனக்கு ஒரு வேலை பார்த்துச் சொல்லும்வரை, ஒன்றரை மாதம் நிரப்பினேன்.